ஏழு கேள்விகளும் ஒரு நட்சத்திரமும்

நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து போன மாதம் ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெறும்போது அங்கே ஆக இளையவர் அவர்தான். இப்போது ஆண்டு ஒன்றுக்கு, அதாவது முதல் வகுப்புக்கு, பொறுப்பாசிரியை. புதிதாக நான்கு பேர் வந்திருக்கிறார்களாம். தங்களைப் பற்றிய விவரங்களை இணையத்தில் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அந்த நால்வரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும்.

"படம் காட்டுறாங்க, பாட்டுப் போடுறாங்க சார். எதுக்காகச் சொல்லிக் குடுக்குறோம்னு அவங்களுக்கே இன்னும் உறைக்கல. நீங்க அந்த ஏழு கேள்வி விஷயத்த எழுதிக் குடுங்கலா" என்றார்.

ஒன்பது நாள் யோசித்தேன். பெருமையாக எழுதக்கூடிய விஷயமில்லை அது. எழுத உட்கார்ந்தபோதும் முதல் வேலையாகப் பெயர்களைத்தான் எடுத்தேன். பள்ளியின் பெயர் இதில் இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளி, அவ்வளவுதான். சிறுமியை மீனா என்று குறிப்பிடுகிறேன். அது அவளுடைய பெயரன்று. ஒலியில்கூட நெருங்கிய பெயரன்று.

பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அங்கே கற்றதில் கடைசிவரை கைகொடுத்தது தலை எண்ணுவது ஒன்றுதான். வகுப்புக்குள் வரும்போது, ஓய்வு நேரத்துக்குப் போகும்போது, திரும்பும்போது, வீட்டுக்கு அனுப்பும்போது என்று நாளுக்கு நான்கு முறை எண்ணச் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. ஏழு முறை எண்ணினேன். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பேருந்தில் ஏறினால் ஆட்களை எண்ணுகிறேன். சந்தைக்குப் போனால் என் மனைவி, "நான் ஒருத்திதான் வந்திருக்கேன், எண்ண வேண்டாம்" என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, தைப்பூசத்தன்று என் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் தொலைந்துபோனான். நான் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பையனின் அப்பா என்னைப் பார்த்து ஓடிவந்தபோது காலை மணி பத்து. பையனைக் கண்டுபிடித்தபோது மதியம் மூன்று. ஐந்து மணி நேரமும் அவன் இருந்தது இருநூறு அடி தள்ளி, வேறொரு பந்தலில். அவர்கள் அவனுக்குச் சோறு போட்டு, ஒலிபெருக்கியில் சொல்லலாம் என்று பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அழுதானே தவிர வாய் திறக்கவில்லை. அப்பா பெயர் என்னவென்று கேட்டால், "அப்பா" என்றான். இரண்டாம் வாய்பாடு அவனுக்குத் தலைகீழாகத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்ததுதான். வீட்டு முகவரி தெரியாது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுவாரமே ஏழு கேள்விகளைத் தொடங்கினேன். உன் முழுப் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன, வீட்டு எண்ணும் சாலையும் எது, தொலைபேசி எண் என்ன, எந்தப் பள்ளி எந்த வகுப்பு, அப்பா அம்மா எங்கே வேலை செய்கிறார்கள். இவ்வளவுதான். வருகைப் பதிவு எடுத்ததும் தினமும் நான்கு பிள்ளைகள். எழுந்து நிற்க வேண்டும், கைகளைப் பக்கத்தில் வைக்க வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் நான் தலையாட்டுவேன். அதைப் பார்த்த பிறகே அடுத்த பதில். ஏழும் முடிந்ததும், "நன்றி ஐயா."

என்னிடம் சொன்னால் மட்டும் போதாது என்று சில மாதங்களிலேயே தெரிந்தது. பிள்ளைகள் பழகிய முகத்திடம் பேசுகிறார்கள். தொலைந்துபோன இடத்தில் பழகிய முகம் இருக்காது. ஆகவே வேற்று ஆட்களை வரவழைத்தேன். வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா, கேண்டீன் அக்கா, தபால்காரர், கூரைக்கு ஓடு மாற்ற வந்த குத்தகைக்காரர் என யார் கிடைத்தாலும் உள்ளே அழைத்து, கேளுங்கள் என்பேன். முன்பின் தெரியாதவரிடம் ஏழு பதில்களையும் தயங்காமல் சொன்ன பிள்ளையின் புத்தகத்தில் பொன்னிறக் காகித நட்சத்திரம் ஒன்று ஒட்டுவேன்.

இதை இருபத்தாறு ஆண்டுகள் செய்தேன். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேர் வெவ்வேறு கூட்டங்களில் தொலைந்து, ஏழு பதில்களையும் சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர்ந்தார்கள். அந்த ஒன்பது பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

மீனா என் வகுப்பில் படித்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. வகுப்பில் முப்பத்தொரு பேர். அம்மா பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அப்பா கொள்கலன் லாரி ஓட்டுபவர். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். பள்ளி விட்டதும் பிள்ளை நடக்கும் தூரத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே அம்மாவின் பழைய கைப்பேசி ஒன்று இருந்தது. சிம் கார்டு இல்லை, யாரோடும் பேச முடியாது, விளையாடத்தான் ஆகும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அத்தை வீட்டு வைஃபை அந்தக் கைப்பேசிக்கும் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு நாற்பது. எண்ணி முடித்திருந்தேன், முப்பத்தொன்று. மீனா புத்தகத்தைத் திறந்தபடி என் மேசைக்கு வந்தாள்.

"சார், எனக்கு ஒரு ஸ்டார் குடுங்க. ஏழும் சொல்லிட்டேன்."

"யாருகிட்ட சொன்ன?"

"கேம்ல ஒரு அண்ணன் கேட்டாரு. ஒன்னுகூட மறக்கல சார். நன்றியும் சொன்னேன்."

நான் அவள் புத்தகத்தை மூடினேன். அவள் நான் நம்பவில்லை என்று நினைத்துவிட்டாள். இன்னும் பெரிதாகச் சொன்னாள்.

"இன்னைக்கு ஸ்கூல் விடுறப்ப கேட்டுக்கு வருவாரு. எனக்குப் பிரசண்ட் தருவாரு சார்."

பள்ளி விடுவது பகல் ஒரு மணிக்கு. இன்னும் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. நட்சத்திரச் சுருள் என் கையில்தான் இருந்தது. அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் என் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி, மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன். "சார், ஸ்டார்?" என்று வழியில் ஒரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியைக்கு இடது காது சற்று மந்தம். கனமான விஷயம் என்று தெரிந்தால் முதலில் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவார். அலுவலகத்தில் விசிறி நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று கிளார்க் முதல் தோட்டக்காரர் வரை அறிவோம். அன்று என் முகத்தைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டார். நான் சொல்லி முடித்ததும் மீனாவிடம் திரும்பி, பசிக்கிறதா என்று கேட்டார். ஒரு மைலோ வாங்கிக் கொடுத்து, கண்ணில் படும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அதன் பிறகுதான் பேனா மூடியைக் கழற்றினார்.

முதலில் அம்மா. தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. எல்லாம் லாக்கரில் இருக்கும். ஆகவே நிர்வாக அலுவலகத்துக்கு அழைத்து ஆளை வெளியே கூப்பிட வேண்டும். இரண்டாவது, பழைய கைப்பேசியை அத்தை கொண்டுவர வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது, அந்த ஆளுக்குப் பதில் அனுப்பவும் கூடாது. மூன்றாவது, போலீஸ். நான்காவது, வாசல். நான்கையும் எழுதி, நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஏழு ஐம்பத்தாறு.

அத்தை எட்டரைக்கு வந்தார். கைப்பேசியில் நாற்பத்து மூன்று குரல் பதிவுகள் இருந்தன. நான்கு நாளில் நாற்பத்து மூன்று. மீனாவுக்கு அப்போது எழுதச் சரியாக வராது. ஆகவே எல்லாம் பேச்சு. அந்த ஆள் எதையும் அவசரப்பட்டுக் கேட்கவில்லை. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கேள்வி. தானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான் என்று சொல்லியிருந்தான். மூன்றாம் நாள், உன்னைப் பற்றி எல்லாம் சொல்லு பார்ப்போம் என்று கேட்டிருந்தான்.

அடுத்த பதிவு மீனாவின் குரல். நாங்கள் மூவரும் அதைக் கேட்டோம். முழுப் பெயர். ஒரு சிறு இடைவெளி. அப்பா பெயர். இடைவெளி. அம்மா பெயர். நான் தலையாட்டுவதற்காக வகுப்பில் விடுவாளே, அதே இடைவெளி. வீட்டு எண், மாடி எண், சாலை, அம்மாவின் தொலைபேசி, பள்ளி, வகுப்பு, அம்மா வேலை செய்யும் இடம். கடைசியில், "நன்றி ஐயா."

தலைமையாசிரியை என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது தயவு என்று பிற்பாடு புரிந்துகொண்டேன்.

அம்மா வந்து சேர்ந்தபோது பத்து நாற்பது. தொழிற்சாலை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. நடந்ததைக் கேட்டதும் மகளை அடிக்கக் கை ஓங்கினார். தலைமையாசிரியை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்கம்மா. அவ வந்து சொன்னதாலதான் நமக்குத் தெரிஞ்சிச்சு. இன்னைக்கு அடிச்சா அடுத்த தடவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா."

அம்மா கையைக் கீழே போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க. யாரு கேட்டாலும் பயப்படாம சொல்லுன்னு."

ஆமாம் என்றேன்.

அம்மாவும் தலைமையாசிரியையும் போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டரைக்குச் சாதாரண உடையில் ஓர் அதிகாரி வந்து ஜாகாவின் கொட்டகையில் உட்கார்ந்தார். பள்ளியில் அன்று வந்திருந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். வழக்கமாக மணி அடித்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வாசல் காலியாகிவிடும். அன்று வகுப்பு வகுப்பாக, யார் அழைத்துப் போகிறார்கள் என்று முகம் பார்த்து, ஒவ்வொருவராக விட்டோம். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. வேன்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், பெற்றோர்கள் சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியை குடையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். மீனா அலுவலகத்தில் அம்மாவின் மடியில் இருந்தாள். நான் வாசலின் இடப்பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்று பத்துக்கு எதிர்ப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கைப்பிடியில் இளஞ்சிவப்புப் பை ஒன்று தொங்கியது. நான் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு வேன்காரரை விலகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாகா மட்டும் அதைக் கவனித்துச் சாலையைக் கடக்கப் போனார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பதினொரு நிமிடம் நின்றிருந்தது.

வண்டி எண் என்ன என்று அதிகாரி கேட்டார். முதல் இரண்டு எழுத்தும் ஓர் இலக்கமும் சொன்னேன். மீதி எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் தலையை எண்ணினேன், நிமிடத்தை எண்ணினேன், பார்த்துப் படிக்க வேண்டிய அந்த ஒரு எண்ணைப் படிக்காமல் விட்டேன்.

அது யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவாக இருக்கலாம். சாப்பாடு கொண்டுபோகும் ஆளாக இருக்கலாம். அவனாகவும் இருக்கலாம். இன்றுவரை தெரியாது. விளையாட்டில் மீனாவோடு பேசியவனின் கணக்கு அன்று மாலையே காணாமல் போயிருந்தது. போலீஸிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குமேல் எனக்குத் தகவலில்லை.

அம்மா தொலைபேசி எண்ணை மாற்றினார். வீட்டு எண்ணை மாற்ற முடியாது. வேலை செய்யும் இடத்தை எளிதில் மாற்ற முடியாது. மீனாவை அதன் பிறகு தினமும் அத்தை வந்து கையோடு கூட்டிப்போனார். ஆண்டு முடிந்ததும் குடும்பம் கடலுக்கு அக்கரையிலுள்ள செபராங் ஜெயாவுக்கு வீடு மாறியது. அம்மா தினமும் பாலம் கடந்து வேலைக்கு வர வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில், இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்த அந்தப் பிள்ளைகளை எண்ணியபோது முப்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான்.

நடந்ததற்கு மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். ஏழு கேள்விகளை நிறுத்திவிடுகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"நிறுத்தினா தைப்பூசத்துல தொலைஞ்ச புள்ள என்ன செய்யும் சார்? நீங்க பதில் சொல்லிக் குடுத்தீங்க. யாருகிட்ட சொல்லணும்னு சொல்லிக் குடுக்கல. அத மட்டும் சேருங்க."

அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது. மூன்று விதி வைத்தேன். நீ தொலைந்துபோயிருந்தால், போலீஸ்காரரிடமோ கவுண்டரில் இருப்பவரிடமோ, நேரில் முகத்தைப் பார்த்து ஏழையும் சொல். தொலைந்துபோகவில்லை என்றால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தெரிந்த பெரியவரிடம் போ. திரையிலிருந்து யார் கேட்டாலும், அண்ணன் என்றாலும், டீச்சர் என்றாலும், நானே என்றாலும், ஒன்றும் சொல்லாதே. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சொல். வந்து சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். கடைசி வாக்கியத்தைப் பெற்றோர்களுக்கும் தனியாகக் கடிதமாக எழுதி, முப்பத்தொரு கையெழுத்தும் வாங்கினேன்.

பிறகு சோதித்தேன். வகுப்பில் ஒரு டேப்லெட்டை வைத்து, இப்போது என்னை எழுதச் சொன்ன அதே ஆசிரியையைப் பக்கத்து அறையிலிருந்து பேசவைத்தேன். கார்ட்டூன் பூனைப் படம் போட்டு, பூனைக் குரலில், உன் பேர் என்ன, வீடு எங்கே என்று கேட்டார். முதல் நாள் இருபத்தெட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள்தான் மூன்று விதியையும் ஒப்பித்திருந்தார்கள். ஒருவன் கேட்காத விவரத்தையும் சொன்னான். வீட்டுச் சாவியைப் பூச்சட்டிக்கு அடியில் வைப்போம் என்றான். ஆகவே இளம் ஆசிரியர்களே, பிள்ளை விதியை ஒப்பிக்கிறது என்பதால் பாடம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பிப்பது எளிது. ஒப்பிக்கவைத்துத்தான் நான் தவறினேன்.

ஆறாவது வாரம் நான்கு பேர் சொன்னார்கள். மீனா அந்த நால்வரில் இல்லை. அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். ஆனால் நட்சத்திரம் கேட்கவில்லை. நானும் அந்தச் சுருளை இழுப்பறையிலிருந்து எடுக்கவேயில்லை. பதில் சொன்னதற்குப் பரிசு கொடுத்த கையால், சொல்லாததற்கும் பரிசு கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

கேண்டீன் அக்காவுக்குத்தான் மிகவும் மனக்கஷ்டம். "என்னா சார் இது, ஆறு மாசமா நாசி லெமாக் கட்டிக் குடுக்குறேன். பேரென்னடான்னா, எதுக்குக் கேக்குறீங்கன்றான். நான் என்னா புள்ள புடிக்கிறவளா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நன்றாகச் செய்கிறான் என்றேன். அவர் எனக்கு இரண்டு நாள் தேநீர் தரவில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆண்டிலும் பூனையிடம் பெயர் சொன்னவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பூஜ்யத்தை நான் பார்க்கவேயில்லை. அந்த இரண்டு பேர் இப்போது எங்கே, என்ன விளையாடுகிறார்கள் என்று சில நாள் திடீரென்று நினைத்துக்கொள்கிறேன்.

இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் யோசித்துக்கொண்டிருந்த அந்த ஒன்பது நாளில் ஏழாவது நாள், கண் பரிசோதனைக்காக செபராங் ஜெயாவுக்குப் போயிருந்தேன். திரும்பும்முன் ஒரு பேரங்காடியில் ரொட்டி வாங்கப் பணம் கட்டும் வரிசையில் நின்றபோது, "சார்" என்று யாரோ கூப்பிட்டார்கள். மீனாவின் அம்மா. பக்கத்தில் அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்த பெண். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

பழைய வாய் சும்மா இருக்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் போகிறாய் என்று கேட்டேன். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். பள்ளிக்கு எதில் போய் வருகிறாய் என்றும் கேட்டேன். மூன்று கேள்வி. கேட்டு முடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

மீனா சிரித்தாள். பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

அது என் பாடம் நின்றதாலா, அன்றைய பயம் இன்னும் போகாததாலா என்று அவள் முகத்தில் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் மூன்றுக்குப் பூஜ்யம். ஆறு ஆண்டில் முதல் முறையாக ஓர் எண்ணிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

"நம்ம சார்தானே, சொல்லேன்டி" என்றார் அம்மா. அவள் சொல்லாததால், தொழிற்சாலை இரைச்சலில் பேசிப் பழகிய குரலில் அவரே எனக்குச் சொன்னார். பள்ளியின் பெயர். குடியிருக்கும் தாமானின், அந்த வீடமைப்புப் பகுதியின் பெயர், வீடு மூலை வீடு என்பது. மாலையில் பேருந்திலிருந்து இறங்கித் தனியாக நடந்து வருகிறாள், அப்பா இன்னும் லாரியில்தான், தான் வீட்டுக்கு வர ஏழு ஆகிவிடும் என்பது.

"மா, மெதுவா" என்று மீனா அம்மாவின் கையை இழுத்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.